குணமாகும் வரை மட்டும்

எனக்கும் என் மனைவிக்கும் சமரசப் பேச்சு நடந்த இடம் கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடையின் பின்கட்டு. நான் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். அவள் திண்டிவனத்திலிருந்து வந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது என்று அவளுடைய பெரியப்பா அந்த இடத்தைச் சொல்லியிருந்தார். அவர் முகையூர் கோயிலில் சாமியாருக்கு உதவியாக வேதபாடம் நடத்தும் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் காரியமோ குடும்பச் சண்டையோ, எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அவரைத்தான் கூப்பிடும். நான் அவரை மாமா என்பேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துவிட்டு, எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்.

"ந்தா பாருங்க மாப்ள. யாரு மேல தப்புன்னு பேச ஆரம்பிச்சா கடைசி பஸ்சும் போயிடும். புள்ளைக்கு நெஞ்சுல நோவு. இன்னிக்கு அத மட்டும் பேசுவோம்."

எங்களுக்கு ஒரே மகள். திண்டிவனத்தில் அம்மாவோடு இருந்து பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். நான் விழுப்புரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். மனைவிக்குத் திண்டிவனத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. நாங்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் சொல்வதற்கு எளிதாக இருக்கும். குடியோ, வேறு பெண்ணோ, அடிதடியோ கிடையாது. எந்த ஊரில் குடியிருப்பது என்று தொடங்கிய வாக்குவாதம், தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பது என்பது வரைக்கும் வந்துவிட்டது. ஒரே அறையில் இருந்தால் பேச்சு சண்டையில்தான் முடியும் என்று இருவருக்கும் தெரிந்துபோன பிறகு, நான் விழுப்புரத்தில் ஒரு மாடி அறைக்குப் போனேன். எங்கள் திருச்சபையில் விவாகரத்து இல்லை. ஆகவே போர் முடியவும் இல்லை, நடக்கவும் இல்லை என்கிற நிலையில் சில வருடங்கள் போயின.

பிறகு மகளுக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. எடை குறைந்தது. சளியைப் பரிசோதித்து காசநோய் என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். சொன்னபடி சாப்பிட்டால் என்பதை இரண்டு முறை சொன்னார்.

"இவரு வந்து இருக்கட்டும் பெரியப்பா. ஆனா என் சமையல்ல தலையிடக் கூடாது," என்றாள் மனைவி.

"நான் எங்க தலையிடறேன்? முட்டை குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டரு எனக்கும்தான் சொன்னாரு. எனக்கு என்னா காதா கேக்கல?"

"முட்டையும் குடுங்க, கேப்பக் கூழும் குடுங்க," என்றார் மாமா, மல்லாட்டையை உரித்துக்கொண்டே. "புள்ள வேணான்னா சொல்லப் போவுது? துன்னுட்டுப் போவுது. அடுத்தது சொல்லுங்க."

நிபந்தனைகள் அடுத்தடுத்து வந்தன. நான் முன்னறையில் படுப்பேன். தொலைக்காட்சி அவளுடைய பொறுப்பு, மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. மாத்திரை கொடுப்பதில்தான் சிக்கல் வந்தது. இருவருமே அதை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மாமா, ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று பிரித்துவிட்டார். ஒருவர் முறையில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இது என் மனைவி கேட்ட நிபந்தனை. நானும் அதையே கேட்க நினைத்திருந்தேன்.

"எழுதி வெச்சிக்கலாமா பெரியப்பா?"

"நீ ஆபீசுல எழுதறது போதாதா? வாயால சொன்னா போதும்."

"எது வரைக்கும்?" என்று கேட்டேன்.

மாமா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது.

"குணமாவற வரைக்கும்," என்றார். "அதுக்கப்புறம் கர்த்தர் விட்ட வழி."

அன்று மாலையே நாங்கள் மூவரும் திண்டிவனம் வீட்டுக்குப் போனோம். மாமா மகளின் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடித்துவைத்த காரியத்தைப் பெருமையாக விளக்கினார். குணமாகிற வரைக்கும் அப்பா இங்கேதான் என்றார். முகக்கவசத்துக்கு மேலே அவளுடைய கண்கள் சிரித்ததைப் பார்த்தேன்.

முதல் ஞாயிறு மூவரும் பூசைக்குப் போனோம். ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் மனைவி. மகள் காற்றோட்டத்துக்காக வாசலருகே நின்றாள். சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வந்ததும் எல்லோரும் திரும்பிப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நடுப்பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி என்னைப் பார்த்துக் கை குவித்தாள். வெளியூர்க்காரருக்குச் செய்வதைப்போலச் செய்தாள். நானும் அப்படியே செய்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: "ரெண்டு பேரும் எலெக்‌ஷன்ல நிக்கறவங்க மாதிரியே கும்புட்டீங்க."

அந்தப் பருவத்தில் அவளுக்குக் கிழக்காசிய வரலாறு ஒரு தாள். கல்லூரிக்குப் போக முடியாததால் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். சாயங்காலம் நான் பஸ் இறங்கி வந்ததும், முகம் கழுவக்கூட விடாமல் கேள்வி கேட்பாள். எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. பள்ளியில் சீனாவைப் பற்றி யாரும் என்னை இவ்வளவு கேட்டதில்லை.

தேசியக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் ஒரு காலத்தில் கூட்டாளிகள், பிறகு தேசியக் கட்சி திரும்பிக் கூட்டாளிகளையே வேட்டையாடியது, அதிலிருந்து உள்நாட்டுப் போர் என்று சொன்னேன். அந்த நேரத்தில் ஜப்பான் வடகிழக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. தேசியக் கட்சித் தலைவருக்கோ முதலில் கம்யூனிஸ்டுகளை ஒழிக்க வேண்டும், அந்நியனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். அவருடைய தளபதிகளே பொறுக்க முடியாமல் அவரைப் பிடித்து அடைத்து வைத்துக்கொண்டு, எதிராளியோடு பேசு என்றார்கள்.

"சொந்த ஆளுங்களேவா?"

"சொந்த ஆளுங்களே. கம்யூனிஸ்ட் பக்கத்துலருந்தும் ஒருத்தர் பேச வந்தாரு. புடிச்சி வெச்ச தலைவரைக் கொல்லாம உட்டாங்க. ஜப்பானை எதுத்து நிக்க அப்ப நாட்டுல அவரை உட்டா வேற ஆள் இல்ல. அப்புறம் சண்டைய நிறுத்திட்டு ஜப்பானை எதுத்தாங்க."

"அப்ப பெரிய தாத்தாதான் அந்தத் தளபதி," என்றாள். "உங்க ரெண்டு பேரையும் டீக்கடையில புடிச்சி அடைச்சி வெச்சாரே."

சிரித்துவிட்டேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "அப்ப நான் யாருடி?"

"நீ கம்யூனிஸ்டு. அப்பா தேசியக் கட்சி. இருமல்தான் ஜப்பான்."

"நீ?"

"நான் சீனா. நடுவுல மாட்டிக்கினு இருக்கறவ."

மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் மூவரும் ஒன்றாகச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை.

தலைவரைப் பிடித்த தளபதிகளில் முக்கியமானவர் பிறகு என்ன ஆனார் என்றும் கேட்டாள். தலைவரை விடுவித்து, மரியாதைக்காகத் தானே விமானத்தில் கூடப் போனார், இறங்கியதும் கைது செய்தார்கள், பல பத்து ஆண்டுகள் வீட்டுக்காவலில் கிடந்தார் என்றேன். "பாவம், நம்பிட்டாரு," என்றாள்.

முதல் இரண்டு மாதங்கள் எல்லாம் நன்றாக நடந்தன. மாத்திரை போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் அவள் முதல் நாள் பயந்து கத்தினாள். சுகாதாரச் செவிலியர் வந்து, "கலரு வந்தாத்தாம்மா மருந்து வேலை செய்யுது. வரலன்னாதான் பயப்படணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். இருமல் குறைந்தது. கன்னத்தில் சதை வைத்தது. இரண்டு மாதம் முடிந்து எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது.

முடிவை வாங்கிக்கொண்டு வந்த அன்று நாங்கள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். மனைவி பாயசம் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவள் என்னிடம், "ரூமை விட்டுடலையே நீங்க? வாடகை குடுத்துக்கினுதான இருக்கீங்க?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஆமா. இன்னும் நாலு மாசம்தான," என்று நானும் சாதாரணமாகத்தான் சொன்னேன். மகள் தலையைக் குனிந்து பாயசத்தில் இருந்த முந்திரியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, ஜப்பான் போன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

நல்ல கேள்வி என்றேன். வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். போர் நடக்கும்போதே இருவரும் உண்மையில் ஒன்றாக இல்லை. கம்யூனிஸ்ட் படைக்குத் தேசியப் படை என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் அவரவர் ஆட்கள், அவரவர் பகுதி. நடுவிலேயே ஒரு முறை தேசியப் படை கம்யூனிஸ்ட் படை ஒன்றைச் சுற்றி வளைத்து அழித்தது. ஜப்பானோடு மோதித் தங்கள் பலத்தை வீணாக்காமல், பின்னால் வரப்போகிற சண்டைக்கு இருவரும் சேர்த்து வைத்தார்கள். ஜப்பான் சரணடைந்ததும் இரண்டு தலைவர்களும் சந்தித்துப் பல வாரம் பேசினார்கள், விருந்து வைத்தார்கள், உடன்பாடும் செய்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து நடுவில் நின்று பேசிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

"ஏன்பா நிக்கல?"

"படையைக் கலைக்கறதுக்கு ரெண்டு பேரும் தயாரா இல்ல. நான் கலைச்சா அவன் அடிச்சிடுவான்னு பயம். பொது எதிரி போயிட்டான், அப்புறம் இன்னாத்துக்கு சேந்து இருக்கணும்?"

"ஜப்பான்காரன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா?"

"ஜனங்க இன்னும் செத்திருப்பாங்க."

"ஆனா இவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினு இருக்க மாட்டாங்க இல்ல?"

கெட்டிக்காரப் பெண் என்றுதான் நினைத்தேன். தேர்வில் இப்படியொரு கோணத்தில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்றும் சொன்னேன்.

அதற்கு அடுத்த மாதங்களில் இருமல் திரும்ப வந்தது. இருமல் வந்ததை நான் கேட்டேன். முதலில் கேட்டது மனைவியின் முறை வாரத்தில். காலையில் கொல்லைப்புறத்திலிருந்து இரண்டு முறை சத்தம் வந்தது. இவளுடைய வாரத்தில்தான் இருமுகிறாள், என் வாரத்தில் இருமவில்லை என்று மனதில் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் முறையில் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். என் மனதுக்குள் இன்னும் போய்ப் பார்த்தால், பிறகு எப்போதாவது மாமா முன்னால் பேச வேண்டி வந்தால் அவள் வாரத்து இருமல் எனக்கு உதவும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. என் வாரத்தில் மனைவியும் இருமல் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அவளும் அதையே செய்திருக்கிறாள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, மருத்துவமனை நடையில், வரிசையில் நிற்கிற எல்லோரும் பார்க்க.

ஆறு மாதம் முடிந்து எடுத்த பரிசோதனையில் கிருமி இருந்தது. மருத்துவர் சின்ன வயதுக்காரர். மகளை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் கேட்டார்.

"டெய்லி மாத்திரை போட்டாங்களா?"

"போட்டா சார். நாங்கதான் கையில குடுக்கறோம்," என்றேன்.

"முழுங்கறத பாத்தீங்களா?"

"தண்ணி குடிப்பா சார். குடிச்சிட்டு நேரா குளிக்கப் போயிடுவா."

"யூரின் கலர் எப்படிப் போவுது? இன்னும் ஆரஞ்சாதான் போவுதா?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். பெண் பிள்ளையிடம் அதைக் கேட்பது அம்மாவின் வேலை என்று நான் இருந்துவிட்டேன். என் வாரத்தில் கேட்டால் தலையிட்டதாகும் என்று அவள் இருந்துவிட்டாள். அவளுடைய வாரத்திலோ, அலுவலகத்துக்கு நேரமாகிவிடும். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

வெளியே வந்ததும் தொடங்கிவிட்டோம்.

"உன் வாரத்துலதான் இருமிக்கினு இருந்தா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதா? தெரிஞ்சிக்கினு சும்மா இருந்தீங்களா? உங்க வாரத்துல நான் கேக்கல? துணியில சளி பாத்தேன் நான்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா சொல்லுவீங்க? என் முறையில வாயைத் தொறக்காதன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் ஓரமா போயி பேசுங்க சார்," என்று யாரோ சொன்னார்கள். மகள் பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து எங்கள் நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் போடல," என்றாள். "ஒரு நாள் போடுவேன், ஒரு நாள் போடமாட்டேன். வாய்ல அடக்கிக்கினு போயி பாத்ரூம்ல துப்பிடுவேன். சண்டை போடாதீங்க."

"ஏன்மா?" என்றேன்.

"மருந்து முடிஞ்சா நீ விழுப்புரம் போயிடுவ. பாயசம் துன்னும்போது சொன்னியே."

மனைவி அவள் பக்கம் திரும்பினாள். "செத்துப்போயிருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?"

"சாவணும்னு இல்லம்மா. அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். முடியக் கூடாதுன்னுதான்."

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அடுத்த பரிசோதனையில் அதுவும் உறுதியாயிற்று. பழைய மாத்திரைகளில் முக்கியமானவை இனி வேலை செய்யாது என்றார்கள். புதியவை முந்தியவற்றைவிடக் கடுமையானவை. கால் மரத்துப்போகலாம், ரத்தம் குறையலாம், வயிறு எதையும் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். எவ்வளவு காலம் என்று கேட்டோம். உடம்பு ஏற்றுக்கொள்வதைப் பொறுத்து என்றார் மருத்துவர். குணமாகிவிடும் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்.

மாமா முகையூரிலிருந்து வந்தார். இந்த முறை கையில் பை இல்லை. வீட்டு வாசலிலேயே நின்று எங்கள் இருவரையும் தெருப்பக்கம் கூப்பிட்டார்.

"அதுகிட்ட சொல்லிடுங்க. நல்லாயிட்டாலும் ஒன்னாதான் இருப்போம்னு சொல்லிடுங்க. அத கேட்டா மருந்து உள்ள போவும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?"

"நெசமாக்கிடுங்களேன்."

"நெசமாக்க முடிஞ்சிருந்தா அன்னிக்கே ஆக்கியிருப்போம் பெரியப்பா," என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரும் கேட்காமல் நல்லது செய்ய வந்தவர்.

நாங்கள் முயன்று பார்க்காமல் இல்லை. விழுப்புரத்து அறையைக் காலி செய்தேன். சாமான்களை ஒரு சின்ன வண்டியில் ஏற்றி மகள் கண் முன்னால் கொண்டுவந்து இறக்கினேன். ஆனால் அந்தச் சாமான்களில் இருந்த இரும்பு அலமாரியை எங்கே வைப்பது என்று அன்று மாலையே எங்களுக்குள் தொடங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம். குரல் தாழ்ந்தால் மகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அவள் அறைக்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டதைக் கேட்டேன்.

அடுத்த நாள் இருவரும் அவள் கட்டிலில் உட்கார்ந்தோம். என்ன சொல்வது, யார் முதலில் சொல்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அப்பா இனி எங்கேயும் போகமாட்டேன் என்று நான் சொன்னேன். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். நீ நல்லானாலும் இப்படியேதான் இருப்போம் என்று இருவரும் சொன்னோம். மகள் முகக்கவசத்தை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தாள். முகம் மிகவும் சிறுத்துவிட்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்லும்போது மட்டும்தான் ஒரே மாதிரி பேசறீங்க," என்றாள்.

சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்துகொண்டு படுத்துவிட்டாள். அறையை விட்டு வெளியே வந்ததும் மனைவி கேட்டாள், "அது நம்பலையா?"

"நீ நம்புறியா?" என்றேன்.

அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இப்போது முறை என்று ஒன்றும் கிடையாது. காலையில் இருவரும் சேர்ந்தே நிற்கிறோம். ஒவ்வொரு மாத்திரையாகக் கொடுக்கிறோம், அவள் ஒவ்வொன்றாக விழுங்குகிறாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டுகிறாள். நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். குனிந்து பார்க்கிறோம். பிறகு குளியலறைப் பக்கம் போகவிடாமல் வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். குமட்டல் வந்தால் அவள் வாயை இறுக்கிப் பொத்திக்கொள்கிறாள். அது மருந்தை உள்ளே வைத்துக்கொள்ளவா, மேலே வந்ததை வாயில் அடக்கிப் பிறகு துப்பவா என்று அவள் முகத்தைப் பார்த்து எங்களால் சொல்ல முடியவில்லை. சளிப் பரிசோதனை முடிவு இந்த முறையும் கிருமி இருக்கிறது என்றுதான் வந்திருக்கிறது. நேற்று அதை அவளிடம் சொன்னபோது, சரி என்றாள்.